வீட்டுப் பேச்சே சிகிச்சை

(அங்கன்வாடி ஆசிரியர்களும் இளம் பெற்றோரும் கூடியிருந்த அவையில் பேச்சு மொழிப் பயிற்சியாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பேசத் தாமதமாகும் குழந்தையை ஸ்பீச் தெரபிக்கு அனுப்பிவிட்டால் போதும், தெரபிஸ்ட் பேச வைத்துவிடுவார் என்று பலர் நம்பி வருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 2 நாள், ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் என்றால், குழந்தை என்னோடு இருப்பது ஒன்றரை மணி நேரம். விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் உங்களோடு. சோறு ஊட்டும்போதும், குளிப்பாட்டும்போதும், கடைக்குத் தூக்கிப்போகும்போதும் உங்கள் வாயில் இயல்பாக வரும் பேச்சுதான் குழந்தைக்குப் பேச்சைக் கொடுக்கிறது. அந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று உங்களுக்குச் செய்து காட்டுவதே என் வேலையின் பெரும்பகுதி. நான் இன்று சொல்ல வந்ததும் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில், எப்போது கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி. சுமாராக 6, 7 மாதத்தில் குழந்தை ‘பாபாபா’, ‘மாமாமா’ என்று மழலை கொட்டத் தொடங்கும். ஒரு வயதை ஒட்டி முதல் சொல் வரும். 2 வயதில் 50 சொற்களாவது இருக்க வேண்டும். ‘அம்மா தா’, ‘பால் வேணாம்’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும். ஒன்றிரண்டு மாதம் முன்னே பின்னே இருக்கலாம். ஆண் குழந்தைகள் சற்றுத் தாமதமாகப் பேசுவதும் உண்மைதான், ஆனால் அந்த வித்தியாசமும் அந்த ஒன்றிரண்டு மாத அளவுதான். “ஆம்பளப் பிள்ளை, மூணு வயசுல பேசும்”, “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று சொல்லியே ஒன்றரை வருடத்தை வீடுகள் இழந்துவிடுகின்றன. அப்பாவும் தாமதமாகப் பேசினார் என்றால் அது நிம்மதி அடைய வேண்டிய செய்தி இல்லை. மொழிச் சிக்கல்கள் குடும்பங்களில் தொடர்ந்து வருபவை. அதனால் அந்தக் குழந்தையை இன்னும் சீக்கிரம் காட்ட வேண்டும்.

தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தாமாகவே மற்ற பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும், எது பின்தங்கும் என்று 2 வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சீக்கிரம் வந்து பார்த்ததால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போவதில்லை.

பேச்சு வரட்டும் என்று சிலர் வசம்பை உரசி நாக்கில் தடவுகிறார்கள். கோயிலில் மணி கட்டுவதாக வேண்டிக்கொள்கிறார்கள். வேண்டுதலை நான் தடுக்கமாட்டேன்; மணி கட்டப் போகும் அதே வாரத்தில் காதையும் சோதித்துவிடுங்கள் என்பேன். நாக்குக்குக் கீழே இருக்கும் சவ்வை வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. அந்தச் சவ்வு குட்டையாக இருந்தால் பால் குடிப்பதில் சிரமம் வரலாம், சில ஒலிகள் தெளிவில்லாமல் போகலாம். சொல்லே வராமல் இருப்பதற்கு அது காரணம் ஆகாது.

அப்படியானால் எங்கே தொடங்குவது? காதில். பேசாத எந்தக் குழந்தைக்கும் முதலில் செய்ய வேண்டியது கேட்கும் திறன் சோதனை. “இல்லீங்க, குக்கர் விசில் அடிச்சாத் திரும்பிப் பார்க்கிறான், காது நல்லாத்தான் கேட்குது” என்று அம்மா சொல்வார். விசில் சத்தம் அவ்வளவு பலமானது. நடுத்தர அளவுக்குக் கேள்விக் குறை உள்ள குழந்தைக்கும் அது கேட்டுவிடும். ஆனால் நீங்கள் சாதாரணமாகப் பேசும்போது ‘ச’, ‘ப’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் அவன் காதில் விழாமலேயே போகும். முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்ப்பதும் சோதனை ஆகாது. காற்று அசைவை உணர்ந்து, நிழலைப் பார்த்துக் குழந்தை திரும்பிவிடும்.

பிறக்கும் 1000 குழந்தைகளில் 1 முதல் 3 பேருக்கு நிரந்தரமான கேள்விக் குறை இருக்கிறது என்பது உலகளவிலான கணக்கு. நம் ஊரில் அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்கிறோம். பிறவிக் காது கேளாமையில் பெரும்பகுதி மரபணு வழியாக வருவது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே குறைபாட்டு மரபணு வந்து சேர்ந்தால் குழந்தைக்குக் கேளாமை வரும். சொந்தத்துக்குள் முடிக்கும்போது அப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. செய்துகொண்ட கல்யாணத்தைப் பற்றி யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். அந்த வீட்டில் பிறக்கும் குழந்தைக்குக் கட்டாயம் காது சோதனை செய்யுங்கள், அவ்வளவுதான். பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, மஞ்சள் காமாலை முற்றி ரத்தம் மாற்றிய குழந்தை, இவர்களுக்கும் அப்படியே.

சோதனை எளிது. குழந்தை தூங்கும்போது காதில் ஒரு சின்ன ரப்பர் முனையை வைத்து ஒலியை அனுப்பி, உள்காதிலிருந்து திரும்பி வரும் மெல்லிய எதிரொலியைக் கருவி பதிவு செய்கிறது. அதற்கு ஓ.ஏ.ஈ. என்று பெயர். சில நிமிட வேலை. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு அது மட்டும் போதாது. நரம்பு வழியாக ஒலி மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனையும் வேண்டும். பிறந்த 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட இலக்கு. இதற்கு வலுவான ஆதாரம் 1998-இல் வந்தது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டீன் யோஷினாகா-இட்டானோவும் அவர் குழுவினரும், 6 மாதத்துக்குள் கேள்விக் குறை கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளையும் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். முன்னவர்களின் மொழி வளர்ச்சி தெளிவாக மேலே இருந்தது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை இலவசமாகவே கிடைக்கிறது. பல லட்சம் ரூபாய் ஆகும் சிகிச்சை அது. நம் மாநிலம் பெருமைப்படலாம். ஆனால் அறுவை முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று ஊருக்குத் திரும்பிவிடுகிற குடும்பங்களைப் பார்த்து எனக்கு மனம் பதறுகிறது. கருவியை இயக்கி வைக்கும் நாளில்தான் அந்தக் குழந்தைக்குக் கேட்பதே தொடங்குகிறது. 3 வயதுக் குழந்தையாக இருந்தாலும் கேட்பதில் அன்று பிறந்த குழந்தை. எந்தச் சத்தம் கதவு, எது அம்மா, எது மழை என்று ஒவ்வொன்றாக அது கற்க வேண்டும். சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா, காது கேளாத மிகச் சிறு குழந்தைகளுக்கான பள்ளி. அங்கே தாயும் பயிற்சியில் சேர்ந்தே உட்காருகிறார். வீட்டுக்குப் போய்த் தொடரப்போவது அவர்தான் என்று அந்தப் பள்ளிக்குத் தெரியும்.

காது நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு நான் பார்ப்பது சொற்களை இல்லை, குழந்தையின் விரலை. நம் வீடுகளில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுவோம். பிள்ளைத்தமிழின் 10 பருவங்களில் வாரானைப் பருவத்துக்குப் பிறகு அம்புலிப் பருவம் வருகிறது. ஒரு வயதை ஒட்டி நடக்கத் தொடங்கிய பிள்ளை அடுத்ததாக வானத்தைப் பார்த்து நிலாவை அழைக்கும் என்று நம் புலவர்கள் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். இன்றைய வளர்ச்சி இயலும் ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள் இதைத்தான் தேடுகிறது. குழந்தை நிலாவைப் பார்க்கிறதா, விரலை நீட்டுகிறதா, நீட்டிவிட்டு ‘நீயும் பார்த்தாயா’ என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? பேச்சு இல்லாவிட்டாலும் இந்த மூன்றும் இருந்தால் எனக்குப் பாதிக் கவலை தீரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, எதையும் சுட்டிக் காட்டாத, உங்கள் கையை இழுத்துக்கொண்டுபோய் அலமாரியின் மேல் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமலே நிற்கிற ஒன்றரை வயதுக் குழந்தை என்றால், இரண்டு வயது ஆகட்டும் என்று சொல்லாதீர்கள். ஆட்டிசம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய நேரம் அது.

இந்த இரண்டு வகையிலும் சேராத பிள்ளைகளும் உண்டு. காது கேட்கும், ஆட்டிசம் இல்லை, சுறுசுறுப்பாக விளையாடும், ஆனால் மொழி மட்டும் பிடிபடாது. நான்கு வயதில் “அம்மா பையில பேனா வெச்சாங்க” என்று சொல்ல வேண்டிய இடத்தில் “பை... பேனா... அம்மா” என்று நிற்கும். இதை வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்கிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் செய்த ஆய்வுகளில் பள்ளி சேரும் வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. 30 பேர் உள்ள வகுப்பில் 2 பேர். ஆசிரியர்கள் இவர்களைத்தான் ‘மந்தம்’ என்றும் ‘சொன்ன பேச்சு கேட்காதவன்’ என்றும் பின் வரிசைக்கு அனுப்புகிறார்கள். உண்மையில் சொன்னது அவனுக்குப் புரியவே இல்லை.

சரி, வீட்டில் என்ன செய்வது? புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து நண்டு ஊர வைக்கும் விளையாட்டு நம் எல்லோருக்கும் தெரியும். அப்பத்தா குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்கிறார். உள்ளங்கையில் கடைந்து, விரல் விரலாக மடக்கி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சோறு வைக்கிறார். பிறகு அவருடைய இரண்டு விரல்கள் மணிக்கட்டிலிருந்து மெல்ல மேலே ஊர்கின்றன. கடைசியில் அக்குளில் கிச்சுகிச்சு உண்டு என்று குழந்தைக்குத் தெரியும். முழங்கை மடிப்பில் விரல் நின்றுவிடுகிறது. அப்பத்தா பேச்சை நிறுத்திவிட்டுக் குழந்தையின் முகத்தையே பார்க்கிறார். அந்தச் சில விநாடிகளில் குழந்தை தோளைக் குறுக்கிக்கொண்டு அவர் கண்ணைப் பார்க்கும். ‘ம்’ என்னும். பத்து நாள் கழித்து ‘ஊ’ என்னும். ஒரு மாதம் போனால் ‘ஊருது’ என்பதை ‘ஊது’ என்று சொல்லக்கூடும். அது சொன்ன உடனே விரல் ஓடிப்போய்க் கிச்சுகிச்சு மூட்டுகிறது. தான் ஒரு சத்தம் கொடுத்தால் உலகம் அசைகிறது என்று குழந்தை கண்டுகொள்கிறது. என் அறையில் நான் சோப்பு நுரை ஊதியும் பந்தை உருட்டியும் செய்வது இதையேதான். எதிர்பார்க்க வைப்பது, நிறுத்துவது, காத்திருப்பது, வந்ததை ஏற்றுக்கொள்வது.

காத்திருப்பதுதான் நமக்குக் கஷ்டம். குளிப்பாட்டும்போது தண்ணீர் மொண்ட கப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு “ஊத்தட்டா?” என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலான அம்மாக்கள் இரண்டு எண்ணுவதற்குள் ஊற்றிவிடுகிறார்கள். குழந்தை பார்த்தாலும் சரி, கையை நீட்டினாலும் சரி, ‘ஊ’ என்றாலும் சரி, “ஊத்து! தண்ணி ஊத்து!” என்று சொல்லிக்கொண்டே ஊற்றுங்கள். இன்னொன்றையும் சொல்கிறேன். “தண்ணின்னு சொன்னாத்தான் தருவேன்” என்று தாகத்தோடு நிற்கும் குழந்தையை அழ வைக்காதீர்கள். அதை யார் சொல்லிக் கொடுத்திருந்தாலும் செய்யாதீர்கள். பேச்சு என்றாலே பயம் என்று குழந்தை கற்றுக்கொள்ளும்.

கேள்விகளைக் குறையுங்கள். “இது என்ன? இது என்ன கலர்? மாமாவுக்கு ஏபிசிடி சொல்லிக் காட்டு” என்று நாள் முழுக்கப் பரீட்சை வைக்கிறோம். அதற்குப் பதிலாகக் குழந்தை பார்ப்பதை நீங்கள் சொல்லுங்கள். அது “காக்கா” என்றால் “காக்கா வடை தின்னுது” என்று இரண்டு சொல் கூட்டிக் கொடுங்கள். அது “காக்கா போ” என்றால் “ஆமா, காக்கா பறந்து போச்சு” என்று திருத்தாமல் நீட்டிக் கொடுங்கள். கனடாவில் 1970-களில் தொடங்கிய ஹானன் மையம் பெற்றோருக்கு இதை முறையாகக் கற்றுத் தந்து உலகெங்கும் பரப்பியது. பெற்றோரைப் பயிற்றுவித்துச் செய்யும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது என்பதற்கு இன்று போதிய ஆய்வுகள் இருக்கின்றன.

செல்போன் பற்றிக் கேட்பீர்கள். சியாட்டிலில் பாட்ரிசியா கூல் 2003-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னால் போதும். 9 மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 முறை உட்கார்ந்து விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் மட்டும் என்று வந்தபோது வேறு குழந்தைகள் எதையும் கற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல், 2 வயது ஆகும் வரை உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம், அதற்கு மேல் 5 வயதுக்குள் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மிகாமல் என்று சொல்லியிருக்கிறது.

எனக்கு மிகவும் கோபம் வரும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். ஒரு தாய் இரண்டரை வயது மகனோடு வந்தார். பையன் பேசவில்லை. மழலையர் பள்ளியில் சொன்னார்களாம், “இரண்டு மொழியில குழம்பிப்போறான், வீட்டுல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க” என்று. அவர் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவர். அன்றிலிருந்து மகனிடம் அவருக்கு இருந்தது “கம்”, “சிட்”, “ஈட்”, “டோன்ட் டூ” மட்டும். கதை நின்றுவிட்டது. தாலாட்டு நின்றுவிட்டது. கொஞ்சல்கூட நின்றுவிட்டது. வீட்டில் அப்பத்தாவும் தாத்தாவும் பேரனிடம் பேசப் பயந்து ஒதுங்கியிருந்தார்கள். நான் அவரிடம், “நாளையிலிருந்து உங்களுக்கு எது வருதோ அதுல பேசுங்கம்மா” என்றேன். அவர் அழுதுவிட்டார். இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் வருவதில்லை. இது பல நாடுகளில், பல மொழிகளில் சோதித்து உறுதியான முடிவு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் இரண்டாவது மொழியால் கெடுதல் இல்லை. தாய் தனக்குச் சரளமாக வராத மொழிக்கு மாறினால் குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சு சுருங்கிப்போகிறது. அந்த ஆலோசனையைச் சொல்லும் ஆசிரியரோ மருத்துவரோ எவராக இருந்தாலும் தவறு செய்கிறார்.

தமிழில் பயிற்சி தருபவர்களுக்கும் பொறுப்பு உண்டு. ‘ழ’வும் ‘ற’வும் கடைசியில் கைகூடும் ஒலிகள், பள்ளி சேரும் வயதில்கூடப் பல குழந்தைகளுக்குச் சரியாக வராது. மதுரைப் பக்கத்து வீட்டில் எல்லோரும் ‘பளம்’ என்றால் குழந்தை ‘பளம்’ என்பதில் குறை எதுவும் இல்லை. அதைத் திருத்த ஆறு மாதம் பணம் வாங்குவது நியாயமில்லை. ‘ரயில்’ என்பதை ‘லயில்’ என்னும் 3 வயதுக் குழந்தைக்கும் அவசரமில்லை. 4 வயதாகியும் வெளியாட்களுக்கு அதன் பேச்சு பெரும்பாலும் விளங்கவில்லை என்றால் அழைத்து வாருங்கள்.

திக்குவாயைப் பற்றிச் சுருக்கமாக. 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும் திக்கல் நான்கில் மூன்று பங்குக் குழந்தைகளுக்குத் தானே சரியாகிவிடும். “மெதுவாப் பேசு, மூச்சு விட்டுட்டுப் பேசு” என்று சொல்லி முகத்தைச் சுளிக்காமல், அது சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்தாலோ, வீட்டில் வேறு யாருக்காவது இருந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

சில குழந்தைகளுக்கு வாய்ப் பேச்சு வராமலே போகலாம். அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளோடு பணியாற்றும் சென்னை வித்யாசாகர் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாகி வளர்ந்தது ‘ஆவாஸ்’ என்ற கருவி. அஜித் நாராயணன் என்ற பொறியாளர் வடிவமைத்தார். படத்தைத் தொட்டால் அது பேசும், தமிழிலும் பேசும். “படத்தைத் தொட்டுப் பழகிட்டா அப்புறம் வாயால பேசாம போயிடுவானோ” என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் காட்டுவது வேறு. படமோ சைகையோ கொடுத்ததால் பேச்சு குறைவதில்லை. பல குழந்தைகளுக்குச் சற்றே கூடவும் செய்கிறது.

இனி, எங்கே போவது? மைசூரில் 1965-இல் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் தொடங்கியது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைத் திறன் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அதில் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. சட்டமும் நிறுவனமும் இருந்தும், மாவட்டங்களில் பயிற்சியாளர்கள் மிகக் குறைவு. இருப்பவர்கள் நகரங்களில் குவிந்திருக்கிறோம். கூலி வேலை செய்யும் தாய் ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி எத்தனை வாரம் வருவார்? தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் எஸ். இராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து வீடு வீடாக அனுப்புகிறது. நிபுணர்கள் பின்னாலிருந்து வழிகாட்டுகிறார்கள். இந்த முறைதான் நம் மாநிலம் முழுவதும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் நம்மிடம் இருக்கின்றன. புதிதாகக் கட்டடம் தேவையில்லை.

தனியாரிடம் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பேச்சுப் பயிற்சியாளர் நான்காண்டுப் பட்டப் படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். அந்தப் பதிவின் ஆர்.சி.ஐ. எண் என்ன என்று தயங்காமல் கேளுங்கள். பயிற்சியின்போது உங்களைக் கதவுக்கு வெளியே உட்கார வைத்தால், உள்ளே விடச் சொல்லுங்கள்.

அங்கன்வாடி ஆசிரியர்களே, தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வருடத்துக்கு 2 முறை உங்கள் மையத்துக்கு வர வேண்டும். அது வரும்வரை காத்திருக்காதீர்கள். நாளை மையத்தைத் திறந்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்து, 2 வயது முடிந்த பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை யார் என்று உங்களுக்கே தெரியும். அதன் அம்மாவைக் கூப்பிட்டு, மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்கோ அரசு மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புங்கள். அங்கே தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். கட்டணம் கிடையாது. அந்த அம்மா தனியாகப் போகத் தயங்கினால், முதல் தடவை நீங்கள் கூடப் போங்கள். காதைத்தான் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.